ஒரு நரம்பியல் ஆய்வாளரின் மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

அறிவியல் வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது என்று கேட்டால், டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன கட்டுரையோ, ஐன்ஸ்டைனின் கட்டுரைகளில் ஒன்றோ நினைவுக்கு வரக்கூடும். ஆனால் அந்த இடம், ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் கலந்திருக்கிறது என்று அளக்கும் முறையை விளக்கி 1951-இல் 'ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி' இதழில் வெளியான ஒரு கட்டுரைக்கு உரியது. 2014-இல் 'நேச்சர்' இதழ் எடுத்த கணக்கின்படி அதை 3,05,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. அதன் முதல் ஆசிரியரான ஆலிவர் லோரி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மூளையின் வேதியியலை ஆராய்ந்தவர். ஒற்றை நரம்பணுவைத் தனியே பிரித்தெடுத்து, மெல்லிய குவார்ட்ஸ் இழையால் செய்த தராசில் அதை நிறுத்து, அதற்குள் இருக்கும் நொதிகளின் அளவைக் கண்டறியும் நுட்பங்களை உருவாக்கியதே அவருடைய வாழ்நாள் உழைப்பு. அந்த உழைப்பில் பிறந்த கட்டுரைகள் எதுவும் புரத அளவீட்டுக் கட்டுரையின் எண்ணிக்கைக்கு அருகில்கூட வரவில்லை.

மேற்கோள் எண்ணிக்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இந்த எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. ஒரு கட்டுரையை எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்பதை அந்த எண் சொல்கிறது. எதற்காகப் பயன்படுத்தினார்கள், அதனால் மூளையைப் பற்றிய நம் அறிவு எவ்வளவு மாறியது என்பவற்றை அது சொல்வதில்லை. மூலக்கூறு நரம்பியல் போன்ற துறையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே ஓர் ஆய்வாளரின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய எண்ணைக் கண்டு வியப்பதற்கும், சிறிய எண்ணைக் கண்டு ஒதுக்குவதற்கும் முன்னால், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர், தான் சார்ந்து நிற்கும் முந்தைய கட்டுரைகளை இறுதியில் பட்டியலிடுகிறார். அந்தப் பட்டியலில் ஒரு கட்டுரை இடம்பெறும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு மேற்கோள் சேர்கிறது. பட்டியல்களை எல்லாம் திரட்டி, 'இந்தக் கட்டுரையைப் பின்னால் வந்த எவையெவை குறிப்பிட்டுள்ளன' என்று தலைகீழாகத் தேட முடிந்தால், ஒரு கருத்து கைமாறிச் சென்ற வழியைக் கண்டுபிடிக்கலாம் என்று 1955-இல் 'சயின்ஸ்' இதழில் யூஜின் கார்ஃபீல்ட் எழுதினார். அவர் நிறுவிய அமைப்பு 1960-களில் அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியது. அது முதலில் தேடலுக்கான கருவியாகத்தான் முன்வைக்கப்பட்டது. ஆய்வாளர்களை அளக்கும் கோலாக அது மாறியது பிற்பாடு நடந்தது.

இன்று வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோப்பஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய மூன்று தரவுத்தளங்களில் இந்த எண்களைப் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். ஒரே ஆய்வாளருக்கு மூன்றும் மூன்று விதமான எண்களைத் தரும். வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோப்பஸும் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையே பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. கூகுள் ஸ்காலர் முனைவர் பட்ட ஆய்வேடுகள், நூல்கள், சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் ஏற்றப்படும் முன்வரைவுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வதால் அதன் எண் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். இரண்டு ஆய்வாளர்களை ஒப்பிடுகிறவர் இருவரின் எண்களையும் ஒரே தரவுத்தளத்திலிருந்து எடுத்திருக்கிறாரா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொத்த எண்ணிக்கைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ஹெச்-குறியீடு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005-இல் இதை முன்மொழிந்தார். கணக்கு எளிமையானது. ஒருவர் ஏழு கட்டுரைகள் எழுதியிருக்கிறார், அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் 90, 40, 22, 9, 6, 5, 2 என்று வைத்துக்கொள்வோம். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி எண்ணிக்கொண்டே வந்தால், ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள்கள் இருக்கின்றன. அது ஐந்துக்குக் குறையவில்லை. ஆறாவது கட்டுரைக்கு 5 மேற்கோள்களே இருக்கின்றன; அது ஆறை எட்டவில்லை. எனவே அவருடைய ஹெச்-குறியீடு 5. இப்போது முதல் கட்டுரையின் 90 மேற்கோள்கள் 9,000 ஆக உயர்ந்தாலும் குறியீடு அதே 5-ல்தான் நிற்கும். ஒரே கட்டுரையால் புகழ்பெற்றவருக்கும் தொடர்ந்து பயன்படும் கட்டுரைகளை எழுதிவருபவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதில் இது உதவுகிறது. ஆனால் இந்த எண் காலத்தோடு ஏறுமே தவிர ஒருபோதும் இறங்காது. அதனால் நாற்பது ஆண்டுகள் ஆய்வகம் நடத்திய ஒருவரையும் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆய்வகம் தொடங்கிய ஒருவரையும் இதை வைத்து ஒப்பிடுவது முறையல்ல என்றே கருதுகிறேன்.

இனி துறைக்குள் வருவோம். நினைவு, வலி, மனநிலை, அசைவு போன்ற மூளையின் செயல்களை நரம்பணுக்களிலுள்ள புரதங்கள், மரபணுக்கள், சிறு மூலக்கூறுகள் ஆகியவற்றின் வேலையாக விளக்க முயல்வது மூலக்கூறு நரம்பியல். உயிர்வேதியியல், மரபியல், மின்னுடலியங்கியல், மருந்தியல் என்று பல துறைகள் இதில் சந்திக்கின்றன. ஒரு புரதத்தைப் பற்றிய கண்டுபிடிப்பை அந்தத் துறைகளில் உள்ள எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதால், இங்கே ஒரு நல்ல கட்டுரை பெறும் மேற்கோள்கள், தூய கணிதத்தில் அதே தரமுள்ள ஒரு கட்டுரை பெறுவதைவிடப் பல மடங்கு இருக்கும். கணித மேதை ஒருவரின் எண்ணை நரம்பியல் ஆய்வாளரின் எண்ணோடு ஒப்பிட்டால் கிடைப்பது இரண்டு துறைகளின் எழுத்துப் பழக்கங்களுக்கு இடையிலான வேறுபாடு மட்டுமே.

ஓர் ஆய்வு வாழ்க்கை எப்படி நகர்கிறது என்பதைப் பால் கிரீன்கார்டின் வாழ்வில் காணலாம். 1925-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953-இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்தில் சில ஆண்டுகள் ஆய்வு செய்தார். அடுத்து கைகி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உயிர்வேதியியல் பிரிவை நடத்தினார். 1968-இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, டோபமைன் போன்ற ஒரு வேதிப்பொருள் நரம்பணுவின் வெளிச்சவ்வைத் தொட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது. நரம்பணுக்களுக்கு இடையிலான தொடர்பு என்றால், வேதிப்பொருள் வந்து ஒட்டியதும், மின்னூட்டமுள்ள துகள்களைச் சவ்வின் வழியே விடும் வாயிலான அயனித் தடம் திறந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவில் மின்மாற்றம் நிகழ்வது என்றே அப்போது பலரும் எண்ணினார்கள். கிரீன்கார்டின் குழு வேறொரு வழியைக் காட்டியது. டோபமைன், அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியில் சேர்ந்ததும் நரம்பணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவு உயர்கிறது. அது கைனேஸ் என்ற வகை நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட் தொகுதியை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டிய புரதம் வடிவம் மாறி வேறு விதமாக இயங்குகிறது. இந்த மாற்றம் நொடிக்கணக்கிலும் நிமிடக்கணக்கிலும் நீடிக்கக்கூடியது.

இந்த வரிசையின் முதல் படியை, எலியின் மூளையிலிருந்து எடுத்த திசுவில் டோபமைனுக்கு மறுமொழி தரும் நொதி இருக்கிறது என்று காட்டி, 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். 1983-இல், கிரீன்கார்டு ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு மாறிய அதே ஆண்டில், டார்ப்-32 என்ற புரதத்தைப் பற்றிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. டோபமைனுக்கு மறுமொழி தரும் அணுக்களில் நிறைந்திருக்கும் அந்தப் புரதம், பாஸ்பேட்டை நீக்கும் இன்னொரு நொதியை அடக்கிவைப்பதால் பல சமிக்ஞைகளை ஒரே இடத்தில் இணைக்கிறது என்பது தொடர்ந்து தெரியவந்தது. 2000-இல் அர்வித் கார்ல்சன், எரிக் கேண்டல் ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. தன் பங்குப் பணத்தைக் கொண்டு, உயிர்மருத்துவ ஆய்வில் சிறந்த பெண்களுக்காக, தன்னைப் பெற்றெடுத்தபோது இறந்துபோன தாயின் பெயரில் அவர் ஒரு பரிசை நிறுவினார். 2019-இல் தன் 93-ஆம் வயதில் மறைந்தார்.

1972-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பகுதியைச் சற்று உற்றுப் பாருங்கள். ஆசிரியர்கள் கெபாபியன், பெட்சோல்ட், கிரீன்கார்டு என்ற வரிசையில் இருக்கிறார்கள். பரிசு பெற்றவரின் பெயர் ஏன் கடைசியில் இருக்கிறது என்று புதிதாகப் பார்ப்பவர் குழம்பலாம். உயிரியல் ஆய்வுகளில் பொதுவாக, சோதனைகளில் பெரும்பகுதியைக் கையால் செய்தவரின் பெயர் முதலில் வருகிறது. ஆய்வகத்தை நடத்தி, நிதி திரட்டி, கேள்வியை வழிநடத்தியவரின் பெயர் கடைசியில் வருகிறது. இடையில் இருப்பவர்கள் ஏதேனும் ஒரு பகுதியில் உதவியவர்கள். கணிதத்தில் அகர வரிசையில் பெயர்களை இடும் பழக்கம் உண்டு. ஆகவே இந்த வாசிப்பு அங்கே செல்லாது.

ஒருவரின் கட்டுரைப் பட்டியலை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், அவருடைய பெயர் நகரும் இடமே அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிடும். முனைவர் பட்டக் காலத்திலும் அதற்கடுத்த பயிற்சி ஆய்வுக் காலத்திலும் முதல் பெயர். சொந்த ஆய்வகம் கிடைத்ததும் கடைசிப் பெயர். நடுவில் நண்பர்களின் ஆய்வுகளில் இடைப்பெயர். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயருக்கு மாறும் அந்த ஐந்தாறு ஆண்டுகள்தான் ஓர் ஆய்வாளருக்கு மிகக் கடினமானவை. ஆய்வகத்தை நிறுவ வேண்டும், மாணவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும், மரபணு மாற்றிய எலிகளை வளர்த்தெடுக்க வேண்டும்; கட்டுரைகள் குறைவாகவே வரும். எண்ணை மட்டும் பார்க்கிற தேர்வுக்குழு இந்தக் காலத்தைத் தேக்கமாகப் படித்துவிடுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பெயர் வரிசை தெரியாமல் மொத்த எண்ணைப் பார்ப்பது எப்படித் திசைதிருப்பும் என்பதற்குப் பெருங்குழு ஆய்வுகள் சான்று. சீசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயோடு தொடர்புடைய 108 மரபணுப் பகுதிகளை 2014-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட பன்னாட்டுக் கூட்டமைப்பில் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் பங்கேற்றார்கள். துறைக்கே இன்றியமையாத வேலை அது. அதற்குக் கிடைக்கும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேரின் கணக்கிலும் ஒன்றாக ஏறுகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரையின் வகையைப் பொறுத்தும் எண் மாறும். லோரியின் கட்டுரை போன்ற முறைக் கட்டுரைகள் ஒரு பக்கம். இத்துறையில் அதற்கு இணையான இன்னொன்று, எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் உருவாக்கிய பேட்ச் கிளாம்ப் முறை. நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையை உயிரணுவின் சவ்வில் அழுத்தி, ஒற்றை அயனித் தடத்தின் வழியே ஓடும் மின்னோட்டத்தை 1976-இல் அவர்கள் பதிவு செய்தார்கள். கண்ணாடிக்கும் சவ்வுக்கும் இடையே இறுக்கமான ஒட்டுதல் கிடைக்கும்படி முறையை மேம்படுத்தி, மேலும் மூவரோடு சேர்ந்து 1981-இல் எழுதிய கட்டுரை அதைப் பல ஆய்வகங்களுக்கு எடுத்துச் சென்றது. 1991-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். லோரியின் கட்டுரையைப் போலன்றி, இங்கே முறையும் கண்டுபிடிப்பும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன: ஒற்றைத் தடம் திறந்து மூடுவதை நேரடியாகக் காட்டியது அந்த முறைதான்.

இன்னொரு பக்கம், ஒரு மூலக்கூறை முதன்முதலாக அடையாளம் காட்டும் கட்டுரைகள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எந்தப் புரதத்தின் வழியாக எரிச்சலை உண்டாக்குகிறது என்று டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டுபிடித்தது. உணர்வு நரம்பணுக்களிலிருந்து எடுத்த மரபணுத் துண்டுகளை, கேப்சைசினுக்குச் சற்றும் அசையாத வேறு உயிரணுக்களுக்குள் செலுத்தி, எந்தத் துண்டு உள்ளே போனதும் அந்த அணுக்களில் கால்சியம் பாய்கிறது என்று பார்த்தார்கள். கிடைத்த புரதம், இன்று டிஆர்பிவி1 என்று அழைக்கப்படுவது, ஏறக்குறைய 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் திறந்துகொள்கிறது என்பது, கொதிநீரும் காரமும் ஏன் ஒரே மாதிரி எரிகின்றன என்பதற்கு விடையாக அமைந்தது. வலியை ஆராய்பவர்கள், வலிநிவாரணி மருந்து தேடுபவர்கள், உடல் வெப்பக் கட்டுப்பாட்டைப் படிப்பவர்கள் என்று வேறுவேறு கேள்விகளோடு வருகிறவர்களுக்கெல்லாம் அது தொடக்கப் புள்ளியானது. 2013-இல் உறைநிலை மின்னணு நுண்ணோக்கியால் அதன் முப்பரிமாண அமைப்பு வெளியானபோது புரத அமைப்பியலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். இப்படிப் பல திசைகளிலிருந்து வரும் மேற்கோள்களை, ஒரே வட்டத்துக்குள் சுற்றிவரும் அதே எண்ணிக்கை மேற்கோள்களைவிட உயர்வாகவே நான் மதிப்பேன். ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. தொடுவுணர்வுக்கான பியசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

தொகுப்புக் கட்டுரைகள் மூன்றாவது வகை. புதிய சோதனை எதுவும் இல்லாமல், ஒரு பொருளில் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டித் தருபவை அவை. நூறு மூலக் கட்டுரைகளைக் குறிப்பிடுவதைவிட ஒரு தொகுப்புக் கட்டுரையைக் குறிப்பிடுவது எளிது என்பதால் மேற்கோள்கள் அங்கே குவிகின்றன. மூலக் கண்டுபிடிப்பாளருக்குச் சேர வேண்டிய பங்கு இந்த வழியில் குறைந்துபோவது உண்டு.

காலத்தின் கணக்கும் இதில் சேரும். ஆய்விதழின் தாக்கக் காரணி என்பது, அந்த இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் நடப்பு ஆண்டில் சராசரியாகப் பெற்ற மேற்கோள்களின் அளவு. மூலக்கூறு நரம்பியலில் ஒரு கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு, மரபணு மாற்றிய எலியை உருவாக்கி, அதன் நடத்தையைச் சோதித்து, எழுதி, மதிப்பாய்வைக் கடந்து வெளியிடுவதற்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். பிடிஎன்எஃப் என்ற நரம்பு வளர்ச்சிப் புரதத்தைப் பாருங்கள். ஈவ்-அலன் பார்டேயும் ஹான்ஸ் தூனனும் டேவிட் எட்கரும் பன்றியின் மூளையிலிருந்து மிகச் சிறிய அளவில் அதைத் தூய்மைப்படுத்தி 1982-இல் அறிவித்தார்கள். அதன் மரபணு படியெடுக்கப்பட்டது 1989-இல்தான். நினைவு, மனச்சோர்வு, உடற்பயிற்சி என்று எத்தனையோ ஆய்வுகளில் அந்தப் பெயர் அடிபடத் தொடங்கியது அதற்கும் பிறகு. இரண்டாண்டுச் சாளரத்தின் வழியே 1982-ஐப் பார்த்த எவருக்கும் இது தெரிந்திருக்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. ஒரு கண்டுபிடிப்பு பாடநூலுக்குள் போய்விட்டால் அதன் மூலக் கட்டுரையை யாரும் குறிப்பிடத் தேவையில்லாமல் போகிறது. பேட்ச் கிளாம்ப் முறையைப் பயன்படுத்தும் இன்றைய கட்டுரைகளில் பல, 1981-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பட்டியலில் சேர்ப்பதேயில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏற்கெனவே பெயர்பெற்றவருக்கே மேலும் பெயர் சேரும் போக்கை 1968-இல் 'சயின்ஸ்' இதழில் விளக்கியவரும் அவரே. ஆக, சில சமயம் மேற்கோள் குறைவது முழு வெற்றியின் அடையாளம்; சில சமயம் மேற்கோள் கூடுவது பழைய புகழின் விளைவு.

எல்லாவற்றையும்விட எச்சரிக்கை தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அல்சைமர் நோயில் நினைவிழப்புக்கு அமிலாய்டு பீட்டா புரதத்தின் ஒரு குறிப்பிட்ட கூட்டுவடிவம் காரணம் என்று சொன்ன ஒரு கட்டுரை 2006-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதன் ஆதாரங்களில் முக்கியமானவை வெஸ்டர்ன் பிளாட் படங்கள்: புரதங்களை அளவின்படி பிரித்து, எதிர்ப்புரதத்தால் அடையாளமிட்டு, கருநிறப் பட்டைகளாகக் காட்டும் படங்கள். ஒரு பட்டையின் இடம் புரதத்தின் அளவையும், அதன் அடர்த்தி புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்கின்றன. ஆகவே ஒரு பட்டையை வெட்டி ஒட்டினாலே முடிவு மாறிவிடும். அந்தக் கட்டுரையின் படங்கள் மாற்றியமைக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் 2022-இல் பரவலாகப் பேசப்பட்டது. 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அதை 2,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டிவிட்டன. மறுப்பதற்காகக் குறிப்பிட்டாலும், நம்பிக் குறிப்பிட்டாலும், அறிமுகப் பத்தியில் பெயரளவுக்குச் சேர்த்தாலும், கணக்கில் ஏறுவது ஒன்றுதான்.

இந்தக் குறைகளை அறிந்த ஆய்வாளர்களும் இதழாசிரியர்களும் 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில், அமெரிக்க உயிரணு உயிரியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தின்போது கூடிப் பேசி ஓர் அறிக்கையை உருவாக்கினார்கள். இதழின் தாக்கக் காரணியைத் தனிமனிதரின் தகுதிக்கு அளவுகோலாகக் கொள்ளக் கூடாது, ஆய்வை அதன் உள்ளடக்கத்தை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். டோரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அறிக்கையில் உலகெங்குமுள்ள பல நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. பிறந்த துறையையும் ஆண்டையும் கணக்கில் கொண்டு ஒரு கட்டுரையின் மேற்கோள்களை ஒப்பிடும் அளவீடுகளும் இப்போது உள்ளன. வெறும் எண்ணிக்கையைவிட அவை நியாயமானவை.

ஆனாலும் கையில் சற்று நேரம் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது எந்த அளவீட்டையும் அன்று. ஓர் ஆய்வாளர் முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ இருக்கும் கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை மேற்கோள் காட்டியவற்றில், அவருடைய சொந்தக் குழுவைச் சேராத ஐந்து கட்டுரைகளைத் திறந்து, அந்த மேற்கோள் எந்த இடத்தில் வருகிறது என்று தேடுங்கள். அறிமுகத்தில் ஒரே அடைப்புக்குள் ஏழெட்டுப் பெயர்களோடு சேர்ந்து வந்தால் அது மரியாதைக் குறிப்பு. செய்முறைப் பகுதியில் வந்தால், அவருடைய நுட்பம் இன்னொரு மேசையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. முடிவுகளைப் பற்றிய பகுதியில், 'இன்னார் கண்டதையே நாங்களும் கண்டோம்' என்றோ 'இன்னார் சொன்னதிலிருந்து எங்கள் முடிவு இந்த இடத்தில் விலகுகிறது' என்றோ வந்தால், யாரோ ஒருவர் அந்தச் சோதனையை மறுபடி செய்து பார்க்கும் அளவுக்கு அதைப் பொருட்படுத்தியிருக்கிறார்.